பழைய எக்ஸ்கவேட்டர் பார்க்க ஒரு கை ஸ்கேனர்: எதற்கு வாங்கலாம், எதை நம்பக் கூடாது

பழைய எக்ஸ்கவேட்டர் வாங்கப் போகிறவர்கள் வண்டியைப் பார்த்துச் சொல்ல என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பக்கெட் பின், புஷ், டிராக் செயின், ஸ்விங் பேரிங் எல்லாம் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடலாம். எஞ்சின் சென்சார் வயரிங்கை அப்படிச் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பியதும் அழகாக ஸ்டார்ட் ஆகும். வாங்கி வேலைக்கு விட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மானிட்டரில் விளக்கு எரியும், பவர் பாதியாக விழும். அதற்காகத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசிஎம்) பேசும் ஜே1939 மொழியைப் படிக்கும் கை ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். பிராண்ட் பெயர் வேண்டாம், கீழே கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது.

முதலில் நல்லது. 9 பின் டாய்ச் சாக்கெட்டில் செருகினால் கரன்ட்டை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது, தனி பேட்டரி கிடையாது. 24 வோல்ட் வண்டியில் பயமில்லாமல் மாட்டலாம். கறுப்பு சாக்கெட் என்றால் டேட்டா வேகம் விநாடிக்கு 250 கிலோபிட், பச்சை என்றால் 500. வேகத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது, நாம் மெனுவில் தேட வேண்டியதில்லை.

'தொடர்பு இல்லை' என்று திரை சொன்னால் உடனே ஸ்கேனரைச் சந்தேகப்பட வேண்டாம். சாக்கெட்டில் ஏ எர்த், பி பேட்டரி பிளஸ், சி, டி இரண்டும் கேன் லைன், அதாவது டேட்டா போகும் வயர் ஜோடி. ஏ-க்கும் பி-க்கும் நடுவே பேட்டரி வோல்டேஜ் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்து சி-க்கும் டி-க்கும் நடுவே ஓம்ஸ் வையுங்கள். 60 ஓம் வந்தால் லைன் சரி. 120 வந்தால் லைனின் இரு முனையிலும் உள்ள டெர்மினேட்டர் ரெசிஸ்டர்களில் ஒன்று போயிருக்கிறது, இல்லை வயர் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய வண்டியில் யாராவது சாக்கெட்டுக்குப் பின்னால் ஜிபிஎஸ் பெட்டிக்காக வயரைச் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்திருப்பார்கள். அதையும் அப்படியே பார்த்துவிடலாம்.

இந்த ஸ்கேனரில் எனக்கு மிகவும் பிடித்தது, ஈசிஎம் பதிந்துவைக்கும் கோளாறு நம்பர்களில், அதாவது கோடுகளில், நடப்பதையும் பழையதையும் தனித்தனியாகக் காட்டி, ஒவ்வொன்றும் எத்தனை தடவை வந்தது என்ற எண்ணிக்கையையும் போடுவது. ஒரு தடவை வந்துபோன கோடு, யாரோ எஞ்சின் ஓடும்போது கனெக்டரைக் கழற்றியதாக இருக்கலாம். அதே கோடு நூறைத் தாண்டி நின்றால், ஓடும்போது ஆடி ஆடி விடுகிற லூஸ் கான்டாக்ட். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய வண்டியில் பழைய கோடு ஒன்றுகூட இல்லாமல் பட்டியல் துடைத்துவிட்டதுபோல் இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அப்போது எஞ்சினைச் சூடேற்றி, பூமை ஏற்றி இறக்கி, நாலு சுற்று ஸ்விங் போட்டுவிட்டு மறுபடியும் படிப்பேன்.

சரி, திட்டுக்கு வருகிறேன். கோடு நம்பருக்குக் கீழே இந்த ஸ்கேனர் ஒரு 'பரிந்துரை' வரி போடுகிறது. ஒரு வண்டியில் எஸ்பிஎன் (எந்தச் சர்க்யூட் என்று சொல்லும் நம்பர்) 100, 102, 157 மூன்றும் ஒன்றாக வந்தன. ஆயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர், ரெயில் பிரஷர். மூன்றிலும் எஃப்எம்ஐ (கோளாறின் வகையைச் சொல்லும் நம்பர்) 4, அதாவது வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் கீழே. மூன்றுக்கும் 'சென்சாரை மாற்றவும்' என்று ஒரே வரி. நாலாவதாக எஸ்பிஎன் 3509 என்று ஒன்று இருந்தது, அதற்குப் பக்கத்தில் 'தெரியாத கோடு'. வாங்க வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, மூணு சென்சார் மாத்தினா முடிஞ்சுது, அந்தக் காசைக் குறைச்சுக் கேட்டுரலாம்" என்று கிளம்பிவிட்டார்.

அந்த 3509 தான் விஷயமே. அது சென்சார்களுக்கு ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட் சப்ளை. மூன்று பிரஷர் சென்சாரும் ஒரே 5 வோல்ட்டில் பிழைப்பு நடத்துகிறவை, சப்ளை விழுந்தால் மூன்றும் சேர்ந்து விழும். அதையே தெரியாது என்று சொல்லும் ஸ்கேனர், மூன்று நல்ல சென்சாரைக் கழற்றச் சொல்கிறது.

அப்புறம் மீட்டரை எடுத்தேன். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். ஆயில் பிரஷர் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வயரிங் பக்கத்தில் சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பார்த்தால் அரை வோல்ட்கூட இல்லை. பூஸ்ட் சென்சாரைக் கழற்றினேன், அப்படியே. ரெயில் சென்சாரையும் கழற்றினேன், அப்படியே. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்திருக்கும். வரவில்லை என்றால் கோளாறு வயரில், இல்லை ஈசிஎம்மில். கையை விட்டு ஹார்னஸை (வயர் கட்டை) ஒரு முனையிலிருந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டே வந்தேன். வால்வ் கவருக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் பக்கம் தூக்கியதும் மீட்டர் 4.98 என்று குதித்தது, விட்டதும் விழுந்தது. நெளிகுழாயைப் பிரித்துப் பார்த்தால் கிளாம்பின் ரப்பர் எப்போதோ தேய்ந்து உதிர்ந்திருக்கிறது. தகட்டு விளிம்பு அதிர்வில் வயர் உறையை அறுத்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. மாற்ற வேண்டியது ஒரு கிளாம்ப், ஒட்ட வேண்டியது ஒரு வயர்.

அதனால் பரிந்துரை வரியை நான் படிப்பதே இல்லை. எஸ்பிஎன் எந்தச் சர்க்யூட் என்று சொல்கிறது, எஃப்எம்ஐ எந்த மாதிரிக் கோளாறு என்று சொல்கிறது, அது போதும். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் மேலே, 4 என்றால் கீழே, 5 என்றால் பெரும்பாலும் ஓபன் (சர்க்யூட் அறுந்தது), 2 என்றால் தாறுமாறு. சிக்னல் வயர் அறுந்தால் பல சர்க்யூட்டில் 5 வராமல் 3 வரும், ஏனென்றால் ஈசிஎம் உள்ளே இருந்தே அந்த வயரை மேலே இழுத்து வைத்திருக்கும். பழைய கேட்டர்பில்லர் எஞ்சின்களில் எஸ்பிஎன் இடத்தில் சிஐடி என்று வேறு நம்பர் வரும், அங்கே இந்த ஸ்கேனர் வேலைக்கு ஆகாது.

லைவ் டேட்டா பக்கம் உருப்படியானது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டால் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், ஆயில் பிரஷர் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓட ஓட கூலன்ட் எண் ஏறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் கனெக்டரைத் திறந்து பாருங்கள். சென்சாருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரைச் சொருகி ஈசிஎம்மை ஏமாற்றி வைத்திருக்கும் வண்டிகள் உண்டு. கோடு வராது, ஆனால் எஞ்சின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது.

ஆனால் திரையில் எண் மாறும் வேகம் ரொம்ப மந்தம். கண் சிமிட்டும் நேரத்தில் வந்துபோகிற துண்டிப்பை இதில் பிடிக்கவே முடியாது. மீட்டரில் மின்-மேக்ஸ் போட்டுவிட்டு ஹார்னஸை ஆட்டினால்தான் மாட்டும். கனெக்டரின் பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி முனையை விட்டுத்தான் அளக்க வேண்டும். முன்பக்கம் தடித்த முனையைத் திணித்தால் பெண் பின் (துளையுள்ள பின்) விரிந்துபோய், இல்லாத லூஸ் கான்டாக்ட்டை நாமே உண்டாக்கிவிடுவோம். எர்த்தை ஓம்ஸிலோ பீப்பிலோ பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி மைனஸுக்கும் ஈசிஎம் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

இன்னும் இரண்டு குறை. வெயிலில் திரை தெரியாது, கேபின் நிழலுக்குள் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். கோடுகளை அழிக்கும் பட்டன் முதல் மெனுவிலேயே இருக்கிறது, 'அழிக்கவா?' என்று கேட்பதும் இல்லை. நான் செருகியவுடன் முதல் வேலையாகக் கோடு பக்கங்களை போனில் படம் எடுத்துவிடுகிறேன்.

வண்டி வாங்குமுன் ஒரு பார்வை பார்க்க வேண்டும் என்றால் இது தாராளமாகப் போதும், வாங்கலாம். கையில் நல்ல மல்டிமீட்டர் இன்னும் இல்லை என்றால் அதை முதலில் வாங்குங்கள். இன்ஜெக்டர் கட் அவுட் (ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்ப்பது), காலிபரேஷன் மாதிரி வேலைகளுக்கு எஞ்சின் கம்பெனியின் சொந்த சாஃப்ட்வேர்தான், இந்தப் பெட்டியிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.