அண்ணன் மகளுக்கு வாங்கிய ஹாக்கி ஸ்டிக்: மூன்று மாதம் ஆடிப் பார்த்த பிறகு

அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். இந்த வருஷம்தான் பள்ளி டீமில் ஹாஃபில், அதாவது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில், இறக்கியிருக்கிறார்கள். மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கடைத் தம்பி முதலில் எடுத்துப்போட்டது லோ போ ஸ்டிக். வளைவு நன்றாகக் கீழே இறங்கியிருக்கும்; டிராக் ஃபிளிக், அதாவது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கோடு இழுத்துக் கோலுக்கு வீசுவது, போடுகிறவர்களுக்கு அது தோது. நான் பிடிவாதமாக, வளைவு நடுவாக்கில் இருக்கிற மிட் போ கேட்டு வாங்கினேன். 35 அங்குலம், 30 சதவீதம் கார்பன், மிச்சம் ஃபைபர் கிளாஸ். விலை 2,900 ரூபாய்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம், 1980-இல் இந்திய ஹாக்கி கேப்டனாக இருந்த பாஸ்கரன். 1980 ஜூலை 29, மாஸ்கோ ஒலிம்பிக் ஃபைனல். எனக்கு 12 வயது. தல்லாகுளத்தில் டீக்கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். இந்தி வர்ணனையில் எங்களுக்குப் புரிந்தது ‘கோல்’ மட்டும்தான். இந்தியா 3-0 என்று முன்னால் இருந்த ஆட்டத்தை ஸ்பெயின் 3-2 ஆக்கியது. நம்ம முகமது ஷாகித் ஒன்று போட, அவர்கள் இன்னொன்று போட, 4-3 என்று முடிந்தபோது டீ மாஸ்டர் பாய்லரை விட்டு வெளியே வந்துவிட்டார்.

எல்லோரும் நம்ம ஃபார்வர்ட் சுரிந்தர் சிங் சோதியைத்தான் பேசினார்கள். அந்த ஒலிம்பிக்கில் மட்டும் 15 கோல் போட்டவர், பேசத்தான் வேண்டும். எனக்கு ஆள், கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், மெட்ராஸ்காரர், ஹாஃப். 1973 ஆம்ஸ்டர்டாம் உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கிய டீமில் இருந்தவர். 1976 மாண்ட்ரீலில் ஒலிம்பிக் ஹாக்கிக்குச் செயற்கைத் தரை முதன்முதலாக வந்தது. இந்தியா 7-வது இடத்துக்குப் போனது. அந்த டீமிலும் இருந்தார். அந்த அடியை வாங்கிக்கொண்டு, அதே மாதிரித் தரையில் நாலு வருஷத்தில் தங்கத்தோடு வந்தார் பாருங்கள், அதற்காகவே அவரை இன்றைக்கும் கும்பிடுவேன். ஹாஃபுக்கு வேலை, வருகிற பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, ஆளுக்குச் சேர்ப்பது. அதற்கு ஏற்ற ஸ்டிக் வேண்டும்.

சரி, ஸ்டிக்குக்கு வருகிறேன். ட்ராப், அதாவது வருகிற பந்தை நிறுத்துவது, அருமை. நானே வேகமாக அடித்துப் பார்த்தேன். ஸ்டிக்கைத் திருப்பி ரிவர்ஸில் வைத்தாலும் பந்து எகிறாமல் காலடியில் நிற்கிறது. என்னுடைய பழைய மல்பெரிக் கட்டை ஸ்டிக்கில் குளிர்காலக் காலையில் அடித்தால் உள்ளங்கை முழுக்க விறுவிறுவென்று அதிரும். இதில் அது பாதிகூட இல்லை. எடையும் குறைவு, ஒரு மணி நேரம் ஆடினாலும் பிள்ளைக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை.

குறை இரண்டு. கம்பெனி சுற்றிக் கொடுத்த கிரிப் படுமோசம். இரண்டாவது வாரமே வியர்வையில் ஊறி, மேல் நுனியில் உரிந்து வந்துவிட்டது. அடுத்தது, கீழ் வளைவின் ஓரம். பள்ளி மைதானம் செம்மண், சின்னச் சின்னக் கல். தரையோடு தேய்த்து ஆடுகிற பிள்ளை, மூன்றாவது மாதம் பார்த்தால் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து உள்ளே இழை தெரிகிறது. கட்டை ஸ்டிக் என்றால் பசை தடவி நூல் சுற்றி இன்னும் இரண்டு வருஷம் ஓட்டுவோம். இதில் விரிசல் உள்ளே ஓடிவிட்டால் அவ்வளவுதான். நான் இப்போது துணி டேப் ஒட்டி வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை மாற்றுகிறோம்.

மண் தரையில் ஹாஃப், பேக் ஆடுகிற பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போதே ஒரு துண்டு கிரிப்பும் டேப்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஸ்டிக்கை இடுப்பெலும்பு உயரத்துக்கு வைத்துப் பார்த்து எடுங்கள். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வேண்டாம்.