பைத்தானோடு வரும் ஐடில்: கணக்குக்குக் கெட்டி, மாறியைக் காட்டுவதில் ஊமை

பைத்தான் நிரல்மொழியை நிறுவினால் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும், நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் சின்ன மென்பொருள் ஐடில். விண்டோஸிலும் மேக்கிலும் தனியாகத் தேட வேண்டாம். லினக்ஸ் வகைகள் சிலவற்றில் மட்டும் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும். இணைய இணைப்பு, பயனர் கணக்கு எதுவும் கேட்காது. பெரிய நிரல் எழுத இது போதுமா என்பது இங்கே பேச்சில்லை. நிரலாக்கத்தின் முதல் இரண்டு பாடங்களான எண்கணிதக் கோவைகளையும் (7 + 3 போன்றவை) மாறியில், அதாவது மதிப்புக்குச் சூட்டும் பெயரில், மதிப்பிருத்துவதையும் பழக இது எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்க்கலாம். முதல் பாடத்துக்குப் பத்துக்கு ஒன்பது. இரண்டாவதற்கு ஐந்து கொடுத்தால் அதிகம்.

திறந்ததும் மூன்று கோணக்குறிகளோடு ஓட்டுத்தளம், அதாவது தட்டும் கட்டளையை உடனே ஓட்டிக் காட்டும் சன்னல், வருகிறது. கோவையைத் தட்டி என்டர் அழுத்தினால் விடை நீல நிறத்தில் கீழே வந்து நிற்கும். விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளை வேண்டாம், கோப்பைச் சேமிக்க வேண்டாம்.

>>> 7 + 3 * 2
13
>>> (7 + 3) * 2
20

வலப்பக்க அடைப்புக்குறியை இட்டவுடன் அதற்கு இணையான இடக்குறி வரை ஒரு கணம் நிறம் மாறிக் காட்டும். குறிக்குள் குறி வைத்து எழுதும்போது எது எதோடு சேருகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஒரு குறியை மூட மறந்தால் விடை வராது, பிழையும் வராது. அடுத்த வரியில் சுட்டி துடித்துக்கொண்டே இருக்கும். பலர் மென்பொருள் உறைந்துவிட்டது என்று சன்னலையே மூடிவிடுகிறார்கள். உண்மையில் அது மிச்சக் கோவைக்காகக் காத்திருக்கிறது. விட்டுப்போன குறியை இட்டு என்டர் அடித்தால் விடை வரும். கன்ட்ரோல் விசையோடு சி அழுத்தினால் புதிய வரி கிடைக்கும்.

வகுத்தலில்தான் இந்த ஓட்டுத்தளத்தின் அருமை தெரியும். பைத்தானில் வகுத்தல் இரண்டு விதம், மீதி எடுப்பது மூன்றாவது. இதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட நான்கு வரி தட்டிப் பார்ப்பது மேல்.

>>> 6 / 2
3.0
>>> 200 // 60
3
>>> 200 % 60
20
>>> -7 // 2
-4

ஒற்றைச் சாய்கோடு எப்போதும் மிதவைப்புள்ளி எண்ணைத்தான் (தசமப் புள்ளி உள்ள எண்ணை) தரும், மீதியில்லாமல் வகுபட்டாலும் சரி. அதனால்தான் 3 வராமல் 3.0 வருகிறது. இந்த 3.0-ஐ அப்படியே எடுத்து ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) மூன்று முறை திரும்ப எழுதச் சொன்னால் டைப்எரர் என்னும் வகைப் பிழை வரும், அந்த வேலைக்கு முழுஎண்தான் வேண்டும். இரட்டைச் சாய்கோடு பின்னத்தை வெட்டுகிறது என்று சொல்லிக்கொடுப்பவர்கள் கடைசி வரியைப் பார்க்க வேண்டும். வெட்டியிருந்தால் -3 வந்திருக்கும். அது கீழ்நோக்கி இறங்குகிறது, -3.5-க்குக் கீழே உள்ள முழுஎண் -4. மீதியும் இதற்கு ஒத்துப்போகும்: -7 % 3 இங்கே 2, சி மொழியில் -1. பைத்தான் 2 காலத்துப் பாடங்களை வைத்துப் படிப்பவருக்கு இன்னொரு குழப்பம் உண்டு. அந்தப் பதிப்பில் 7 / 2 என்றால் 3. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020-இல் முடிந்துவிட்டது, பாடங்கள் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

அடுக்குக்கு இரட்டை நட்சத்திரம். இங்கே ஐடில் கைவிடும் இடம் ஒன்று உண்டு. கணிதப் பழக்கத்தில் கூரைக்குறி போட்டு 5 ^ 2 என்று எழுதினால் 25 வராது, 7 வரும். பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை. அந்தக் குறி பைத்தானில் இரும எண்களைப் பிட் பிட்டாக ஒப்பிடும் செயற்குறி: 101-உம் 010-உம் சேர்ந்து 111. தப்பான விடை நல்ல பிள்ளை போல நீல நிறத்தில் வந்து நிற்பதால் தொடங்குபவருக்குச் சந்தேகமே எழாது. அடுக்குக்குள் அடுக்கு வந்தால் வலமிருந்து இடமாகக் கணக்கிடும், 2 ** 3 ** 2 என்பது 512. -2 ** 2 என்பது -4. அடுக்கு முதலில், கழித்தல் குறி பிறகு.

பெரிய எண்களுக்கு அஞ்சவே வேண்டாம். 2 ** 100 என்றால் 1267650600228229401496703205376 என்று கடைசி இலக்கம் வரை வரும். 2 ** 20000 கேட்டால் மட்டும் பைத்தான் 3.11-லிருந்து பிழை காட்டுகிறது. கணக்குப் போட முடியாமல் இல்லை. 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட முழுஎண்ணை எழுத்தாக மாற்ற இயல்பாக விடாமல் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே கோவையை ஒரு மாறியில் இருத்தினால் சத்தமே வராது. மாறியின் பெயரைத் தட்டும்போதுதான் பிழை வரும். கணக்கிடுவது ஒரு வேலை, காட்டுவது வேறு வேலை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான செய்முறை கிடையாது.

0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 வருவது எல்லோரும் அறிந்த வேடிக்கை. பத்தில் ஒன்றை இருமத்தில் முடிவான இலக்கங்களால் எழுத முடியாது, 53 பிட்டுக்குள் அடக்கும்போது ஒரு துளி மாறுகிறது. ஐடில் அதை மறைக்காமல் காட்டுவது நல்லது. பல கைக்கணிப்பான்கள் மறைத்துவிடும். ரவுண்ட் கட்டளையைச் சோதிக்கும்போது 2.5-க்கு 2 வந்தாலும் அது பழுதில்லை. சரிபாதியாக நின்றால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போவது பைத்தானின் விதி. 3.5 கொடுத்தால் 4.

காற்புள்ளி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 15,000 என்று தட்டினால் (15, 0) என்று வரும். காற்புள்ளி இரண்டு மதிப்புகளைப் பிரிக்கும் குறி, ஆகவே பதினைந்தும் பூச்சியமும் ஒரு சோடியாகிவிட்டன. ஓட்டுத்தளத்தில் இது உடனே கண்ணில் படும். மாறியில் இருத்தும்போது படாது, பத்து வரி தள்ளி வேறு எங்கோ டைப்எரராக வெடிக்கும். இலக்கங்களைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் அடிக்கோடு போட்டு 15_000 என்று எழுதலாம்.

பிழைச் செய்திகள் பைத்தான் 3.10-க்குப் பிறகு நன்றாக முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் கணக்கு நோட்டுப் பழக்கத்தோடு வருபவரை அவை திசைமாற்றுகின்றன. 2(3 + 4) என்று பெருக்கல் குறி இல்லாமல் எழுதினால் காற்புள்ளியை விட்டுவிட்டீர்களோ என்று கேட்கிறது. விட்டது நட்சத்திரத்தை. அதேபோல் 5 = எண் என்று இடம் மாற்றி எழுதினால், இரட்டைச் சமக்குறி போட நினைத்தீர்களோ என்கிறது. வேண்டியது இரண்டு பக்கத்தையும் மாற்றுவது. செய்தியின் முதல் பாதியை நம்பலாம், யோசனை சொல்லும் பின்பாதியை நம்பி உடனே திருத்தக் கூடாது. பாடக்கோப்புகளிலிருந்து × அல்லது ÷ குறியை நகலெடுத்து ஒட்டினால் செல்லாத எழுத்து என்று நேராகவே சொல்லிவிடுகிறது, அதில் குறையில்லை.

மதிப்பிருத்தல் என்று வந்தவுடன் ஐடில் ஊமையாகிவிடுகிறது.

>>> நீளம் = 12
>>> அகலம் = 5
>>> பரப்பு = நீளம் * அகலம்
>>> நீளம் = 20
>>> பரப்பு
60

நான்கு வரிக்கு ஒரு பதிலும் இல்லை. மொழியின் விதி அதுதான், மதிப்பிருத்தும் கூற்றுக்கு விடை கிடையாது. ஆனால் அந்த அமைதியில்தான் தொடங்குபவரின் மூன்று பெரிய குழப்பங்கள் வளர்கின்றன. முதலாவது மேலே உள்ளதே: நீளம் மாறினால் பரப்பும் தானாக 100 ஆகும் என்ற எதிர்பார்ப்பு. விரிதாளில் பழகியவருக்கு அது இயல்பு. பைத்தான் மூன்றாம் வரியில் சூத்திரத்தை நினைவில் வைக்கவில்லை. வலப்பக்கத்தை அந்த நொடியில் கணக்கிட்டு 60 என்ற விடைக்குப் பரப்பு என்று பெயர் சூட்டிவிட்டு நகர்ந்துவிட்டது.

இரண்டாவது, எண் = எண் + 1. கணிதத்தில் இது பொய், நிரலில் இது கட்டளை. வலப்பக்கம் முதலில், பழைய மதிப்பை வைத்து. பிறகு அதே பெயர் புதிய மதிப்புக்குப் போகிறது. சமக்குறியைச் சமம் என்று வாசிக்காமல் இடப்பக்கம் பாயும் அம்புபோல் வாசிக்கப் பழகினால் இது தீரும். அல்கால் என்னும் பழைய நிரல்மொழியில் இதற்கென்றே முக்காற்புள்ளியோடு சமக்குறி வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம் நிலைத்திருந்தால் உலகம் முழுக்கப் பல வகுப்பறைகளில் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது, இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றுவது. அ = ப என்று எழுதி, அடுத்த வரியில் ப = அ என்று எழுதினால் இரண்டிலும் ப-வின் மதிப்பே இருக்கும். அ-வின் பழைய மதிப்பு முதல் வரியிலேயே போய்விட்டது. அ, ப = ப, அ என்று ஒரே வரியில் எழுதினால் வலப்பக்கம் முழுதும் முதலில் எடுக்கப்படுவதால் சரியாக வரும்.

இந்த மூன்றிலும் ஐடில் செய்யக்கூடிய உதவி, பெயரைத் தட்டினால் அதன் அப்போதைய மதிப்பைக் காட்டுவது மட்டுமே. அதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். ஆகவே பழகும் முதல் நாள்களில் ஒவ்வொரு மதிப்பிருத்தலுக்கும் அடுத்த வரியில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பது நல்லது. குறிப்பாகக் கூட்டிச் சேர்க்கும் குறியைத் தலைகீழாக எழுதும்போது: எண் += 1 என்றால் ஒன்று கூடும், எண் =+ 1 என்றால் எண்ணின் மதிப்பே 1 ஆகிவிடும். இரண்டுக்கும் ஐடில் காட்டும் முகம் ஒன்றுதான். சி மொழியிலிருந்து வருபவர் ++எண் என்று எழுதினால் அதுவும் பிழையில்லாமல் ஓடும், மதிப்பு மட்டும் ஏறாது. இரண்டு நேர்க்குறிகளாக அதை எடுத்துக்கொள்கிறது.

ஓட்டுத்தளத்திலிருந்து கோப்புக்குப் போகும் இடத்திலும் ஒரு பள்ளம். கோப்பில் நீளம் * அகலம் என்று தனி வரியாக எழுதி எஃப் 5 அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது. கோவையின் விடையைத் தானாகக் காட்டுவது ஓட்டுத்தளத்தின் பழக்கம், கோப்பில் பிரிண்ட் வேண்டும். அதோடு எஃப் 5 ஓட்டுத்தளத்தை மறுதொடக்கம் செய்துவிடும், அதுவரை தட்டிவைத்த மாறிகள் எல்லாம் அழிந்துவிடும். சற்று முன் வேலை செய்த பெயருக்கு இப்போது, அப்படியொரு பெயரே இல்லை என்னும் நேம்எரர் வருவது இதனால்தான். எரிச்சலாக இருந்தாலும் இது சரியான முடிவு. பழைய மதிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தால் குறையுள்ள கோப்பும் ஓடுவதுபோல் நடிக்கும்.

மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய கட்டளை வராது, சுட்டிதான் மேலே போகும். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஆல்ட் விசையோடு பி (P) அழுத்த வேண்டும், அல்லது பழைய வரிக்குப் போய் என்டர் தட்டினால் அது கீழே நகலாகும். பல வரிகளை மொத்தமாக ஒட்டினால் ஒரு நேரத்தில் ஒரு கூற்றுதான் என்று சின்டாக்ஸ்எரர் (இலக்கணப் பிழை) வரும்.

மேலே உள்ளதுபோல் தமிழிலேயே மாறிப்பெயர் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்றுக்கொள்கிறது. இதில் நல்ல செய்தி, ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில, கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டினாலும் பைத்தான் இரண்டையும் ஒரே பெயராகவே எடுத்துக்கொள்ளும். கெட்ட செய்தி ஔகாரத்தில்: கௌ என்பதற்குப் பதில் கொம்போடு ளகரத்தைச் சேர்த்து கெள என்று தட்டினால் பார்க்க ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும், பைத்தானுக்கு அது வேறு பெயர். தமிழ் இலக்கங்களை எண்ணாக நேரடியாக எழுதவும் முடியாது, ௧௨ + ௩ செல்லாது. ஆனால் சரமாகக் கொடுத்து இன்ட் கட்டளையால் மாற்றினால் ௧௨ என்பதைப் பன்னிரண்டாகவே படிக்கும்! சில கணினிகளில் ஐடில் சன்னலில் கொம்பும் காலும் எழுத்தோடு சரியாகப் பொருந்தாமல் தெரியும். அமைப்புகளில் எழுத்துருப் பகுதியில் உள்ள மாதிரி வரிகளில் தமிழும் இருக்கிறது, ஒழுங்காகத் தெரியும் எழுத்துருவை அங்கே பார்த்துத் தேர்ந்துகொள்ளலாம்.

ஐடிலுக்கு மாற்று என்றால் தானி என்னும் மென்பொருள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இதுவும் இலவசம், தனக்கான பைத்தானைக் கூடவே கொண்டுவருகிறது. வியூ பட்டியலில் வேரியபிள்ஸ் என்பதைத் திறந்துவைத்தால் ஒவ்வொரு மதிப்பிருத்தலுக்கும் பக்கத்துப் பலகையில் பெயரும் மதிப்பும் மாறுவது தெரியும். நீளம் 20 ஆகும்போது பரப்பு 60-லேயே நிற்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோப்பைக் கன்ட்ரோல், எஃப் 5 வழியாகப் பிழைதேடும் முறையில் ஓட்டி எஃப் 7 அழுத்திக்கொண்டே போனால், கோவையின் ஒவ்வொரு துண்டும் அதன் மதிப்பாக மாறுவதைப் படிப்படியாகக் காட்டும். 7 + 3 * 2 கண்ணெதிரே 7 + 6 ஆகிப் பிறகு 13 ஆகும். எண் = எண் + 1 வரியில் வலப்பக்கம் முடிந்த பிறகே இடப்பக்கம் மாறுவதும் தெரியும். ஐடிலிலும் பிழைதேடும் கருவி உண்டு, ஆனால் அதன் சன்னலைப் பார்த்து முதல் வாரத்துக்காரர் மிரண்டுவிடுவார்.

கோவைகளை மட்டும் பழகும் முதல் இரண்டு மூன்று அமர்வுகளுக்கு ஐடிலையே வைத்துக்கொள்ளலாம். இலேசானது, உடனே திறக்கும், கவனத்தைச் சிதறடிக்கப் பொத்தான்கள் இல்லை. சமக்குறி உள்ளே வந்த அன்றே தானிக்கு மாறுங்கள். மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டிலும் உள்ள பைத்தான் பதிப்பு வேறாக இருக்கலாம், அப்போது ஒரே தவறுக்கு இரண்டும் வேறு சொற்களில் பிழைச் செய்தி காட்டும்.