கொட்டகையில் மாட்டிய இன்டேக் மேனிஃபோல்டு: மூன்று வருடம், 31,000 கிலோமீட்டர்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் வீடு. மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த கொட்டகையில்தான் என் 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் நிற்கிறது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, 150 குதிரைத்திறன். 2022 மாசியில் இதன் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பெரிய வயிறு வைத்த அலுமினிய மேனிஃபோல்டை நானே மாட்டினேன். அன்றைக்கு மீட்டரில் 1,38,200. இப்போது 1,69,000 தாண்டிவிட்டது. மாட்டிய வாரமே எழுதியிருந்தால் வெறும் சந்தோஷத்தை மட்டும்தான் எழுதியிருப்பேன். மூன்று அறுவடை பார்த்த பிறகு எழுதுவதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல முடிகிறது.

மேனிஃபோல்டின் வேலையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஆற்றுத் தண்ணீரைத் தலைப்பில் வாங்கி நாலு வாய்க்காலுக்குப் பிரித்துவிடுகிற ஏற்பாடு மாதிரிதான் அது. ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் வழியாக வரும் காற்று முதலில் ஒரு அறையில் தேங்கும். அதை பிளீனம் என்பார்கள். அங்கிருந்து ரன்னர் என்கிற நாலு குழாய்களில் நாலு சிலிண்டருக்கும் போகும். குழாய் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மிலும் (இன்ஜின் சுற்றும் வேகம்) காற்று வேகம் குறையாமல் போய் நிரப்பும். குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று கொஞ்சம் குறையத்தான் செய்யும். நான் வாங்கியது இரண்டாவது வகை.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆறு நாள் ஆனது.

இந்த இன்ஜினில் மேனிஃபோல்டு முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. டர்போவும் எக்ஸாஸ்டும் பின்னால். அதனால் கை நுழைக்க இடம் கிடைக்கும். முதலில் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அது தானாக நிற்கும் வரை ஓடவிட்டேன். லைனில் உள்ள அழுத்தம் அப்படித்தான் இறங்கும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ். அதன் பிறகும், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் சொருகியிருக்கும் ரெயிலைத் தூக்கும்போது அரை டம்ளர் பெட்ரோல் சிந்தத்தான் செய்தது. மாலை ஆறு மணி. பக்கத்து வீட்டில் மாட்டுக்குக் கொசு கடிக்காமல் இருக்க மூட்டம் போட ஆரம்பித்திருந்தார்கள். நான் ஓடிப்போய், "அத்தை, இன்னிக்கு ஒருநாள் மூட்டம் வேணாம், இங்க பெட்ரோல் திறந்து கிடக்கு" என்று சொன்னேன். அவர்களும் உடனே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார்கள். கிராமத்தில் வீட்டோடு வைத்து வேலை பார்க்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அடுப்பு, விளக்கு, மூட்டம் என்று நம்மைச் சுற்றி எந்நேரமும் ஏதாவது ஒரு நெருப்பு இருக்கும்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயின் மேல்முனையில் இருக்கிற ஆரஞ்சு பிளாஸ்டிக் புனலைத் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. இந்த இன்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும் அது நடக்கும். முன்கூட்டியே புதிது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு தாங்கு பிராக்கெட் இருக்கிறது. அதன் போல்ட் மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மேனிஃபோல்டு அசையவில்லை என்றால் அந்த ஒன்றுதான் காரணம். நெம்பாதீர்கள்.

மேனிஃபோல்டு வெளியே வந்ததும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் நாலு வாய் திறந்து நிற்கும். ஒரு சின்ன வாஷர் உள்ளே விழுந்தாலும் இன்ஜின் போச்சு. அப்பாவின் பழைய வேட்டியை நாலு துண்டாகக் கிழித்து நாலு வாயிலும் திணித்தேன். நாலு துண்டு என்று கொட்டகைச் சுவரில் கரியால் எழுதியும் வைத்தேன். திரும்ப மாட்டும்போது நாலையும் எண்ணி எடுத்து அடுக்கி வைத்த பிறகுதான், கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டைத் தொட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாச்சியார்கோயிலிலிருந்து மாமா வந்தார். முப்பது வருடமாகக் குத்துவிளக்கு வார்க்கிறவர். காவிரி வண்டலில் அச்சுக் கட்டி, பித்தளையை உருக்கி ஊற்றி, அரம் போட்டு, கடைசல் பிடித்துத் தேய்ந்த கை அது. புது மேனிஃபோல்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விரல் விட்டுத் தடவினார். மூன்றாவது குழாயில் விரல் நின்றது.

"மாப்ள, உள்ள பிசிறு நிக்குது பாரு. இது உடைஞ்சு உள்ள போனா என்ன ஆகும்?"

டார்ச் அடித்துப் பார்த்தேன். அச்சு சேரும் கோட்டில் நெல் உமி கனத்துக்கு ஒரு அலுமினியப் பிசிறு. நான் ஒரு வாரமாக அதை வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தேன், என் கண்ணில் படவில்லை. அவர் அதோடு விடவில்லை. எஃகு ஸ்கேலை எடுத்து, ஹெட்டோடு சேரும் ஃப்ளேஞ்ச் முகத்தின் குறுக்கே செங்குத்தாக வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நடுவில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.25 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. கேஸ்கெட் அடைக்கக்கூடிய இடைவெளி இல்லை அது. அப்படியே மாட்டியிருந்தால் முதல் நாளே காற்றுக் கசிந்திருக்கும். போல்ட்டை இறுக்கி இறுக்கியே ஹெட்டில் இருக்கும் மரையை அறுத்திருப்பேன்.

பிசிறை மாமாவே வட்ட அரத்தால் ராவிக் கொடுத்தார். ஃப்ளேஞ்சைக் கும்பகோணத்தில் ஒரு மில்லிங் பட்டறையில் கொடுத்து முகம் எடுக்க மூன்று நாள். பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டு ஐந்து முறை கழுவி, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்த்தேன். துணியில் ஒரு மினுக்கு இருந்தாலும் திரும்பக் கழுவினேன். பெட்டியில் புதிதாக வந்த பொருள்தானே என்று நம்பி யாரும் நேரே மாட்டிவிட வேண்டாம். ஸ்கேல் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

மாட்டுவதில் சொல்ல அதிகமில்லை. கேஸ்கெட் புதிது, கம்பெனி அசல். இன்ஜெக்டர் ஓ-ரிங் எட்டும் புதிது, லேசாக இன்ஜின் ஆயில் தடவி உட்கார வைத்தேன். போல்ட்டுகளை நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், வீல் நட்டுக்கு வைத்திருக்கும் பெரியதில், 10 என்பது நம்பகமாக வராது. சின்ன கால் அங்குல ரென்ச் தனியாக வாங்குங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் குளிர்ந்த நிலையில் மறுபடி ஒரு சுற்றுப் பார்த்தேன், இரண்டு போல்ட் கொஞ்சம் இடம் கொடுத்தது. த்ராட்டில் பாடியைத் துடைத்து மாட்டியதும் விசிடிஎஸ் என்கிற சோதனை மென்பொருளின் கேபிள் போட்டு, பிளாக் 060 என்கிற பக்கத்தில் அடாப்டேஷன் செய்ய வேண்டும். த்ராட்டிலின் நிலையை இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் பழக்குவதுதான் அது. இல்லாவிட்டால் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறி இறங்கும்.

கசிவு பார்த்ததைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் எனக்கு உண்மையான பலன் கிடைத்தது அங்கேதான்.

போர்வெல் சாமான் கடையில் டர்போ வாய்க்குச் சேர்கிற பிவிசி எண்ட் கேப் ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு, டியூப்லெஸ் டயர் வால்வை அதில் பொருத்தினேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டரைக் கழற்றிவிட்டு, டர்போவுக்குக் காற்று போகும் குழாயின் வாயில் அதைக் கிளாம்ப் போட்டு, சைக்கிள் பம்பால் மெதுவாக 10 பிஎஸ்ஐ வரை ஏற்றினேன். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை. புது மேனிஃபோல்டைச் சுற்றி ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் அதற்கடியில் ஓடுகிற, இன்ஜினின் உள்ளாவியைத் திருப்பிக் கொண்டுவரும் பிசிவி குழாய், மிதிக்கும் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டருக்குப் போகும் லைனில் இருக்கும் செக் வால்வு (ஒருவழி வால்வு), துணி சுற்றிய பழைய வேக்குவம் ஹோஸ்களில் இரண்டு, எல்லாம் நுரை பொங்கின. பதினேழு வருடச் சூட்டில் ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகியிருந்தது. பழைய மேனிஃபோல்டு இருந்தபோது இவை கண்ணுக்கே தெரியாத இடத்தில் கிடந்தன.

ஒரே ஓட்டைதான் ஐடிலிங்கில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், டர்போ அழுத்தம் ஏறும்போது அளந்த காற்றை வெளியே தள்ளும். ஈசியுவுக்கு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு, இரண்டு நேரத்திலும் கணக்குத் தப்பும். வேலைக்கு முன் பிளாக் 032-இல் ஐடிலிங் ஃபியூவல் ட்ரிம் +6.8 சதவீதம் காட்டியது. கூடுதலாக நுழைந்த காற்றைச் சமாளிக்க அந்த அளவு பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டிருந்தது. எல்லா ஹோஸும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிய பிறகு +0.8. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இருந்த நடுக்கம் போனது, பிரேக் பெடல் கெட்டிப்பட்டு நிற்பது போனது. வண்டி இளமையாகிவிட்டது என்று எல்லோரிடமும் மேனிஃபோல்டைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அந்த இளமையில் பெரும்பங்கு சில ஆயிரம் ரூபாய் ரப்பர் குழாய்களுடையது.

அப்போது மேனிஃபோல்டு தந்தது எவ்வளவு? முழு த்ராட்டிலில் ஏர்ஃப்ளோ மீட்டர் முன்பு அதிகபட்சம் விநாடிக்கு 119 கிராம் காட்டியது, மாற்றிய பிறகு 123. கிராமை 0.8 ஆல் வகுத்தால் தோராயமாகக் குதிரைத்திறன் வரும் என்பது இந்த வண்டிக்காரர்களின் கைக்கணக்கு. அதன்படி ஐந்து குதிரை. அதிலும் ஹோஸ்களுக்கு ஒரு பங்கு உண்டு. காரணம் தெளிவானது. கம்பெனி கொடுத்த சின்ன டர்போ 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் தானே மூச்சு வாங்குகிறது. தலைப்பில் தண்ணீர் வராதபோது வாய்க்காலை அகலப்படுத்தி என்ன செய்வது?

கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒருநாள் ஓட்டியபோது மட்டும் அந்த மேல் ஆர்பிஎம் தாராளம் கைக்குத் தெரிந்தது. 4,500-க்கு மேல் ஊசி தயங்காமல் போனது. மனம் நிறைந்த நாள் அது. ஆனால் என் வண்டி ஓடுவது கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம் சாலைகளில். வாய்க்கால் கரை, எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர், நடுச்சாலையில் காயும் உளுந்துச் செடி. மூன்றாம் கியரில் 1,800 ஆர்பிஎம்மிலிருந்து இழுக்க வேண்டிய இடங்கள்தான் அதிகம். அங்கே முன்பு இருந்த இழுவை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு கியர் கூடுதலாக இறக்க வேண்டியிருக்கிறது. மைலேஜ் 11.5-லிருந்து 11.2. பெரிய இழப்பு இல்லை, ஆனால் மூன்று வருடமும் தினமும் உணர்கிறேன். உளுந்துச் செடியைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதன்மேல் ஏற்றாதீர்கள். தாழ்ந்த வண்டியில் செடி சுற்றிக்கொண்டால், புகையைச் சுத்தப்படுத்தும் சூடான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பட்டுத் தீப்பிடிக்கும்.

பழுது என்று பார்த்தால் மேனிஃபோல்டில் எதுவும் இல்லை. வெடிப்பு இல்லை, ஃப்ளேஞ்ச் கசியவில்லை. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று உப்புக்காற்றில் அடிக்கடி போனதால் மேலே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்தால் போகிறது. பெரிய தொல்லை எலிதான். 2023 தை கடைசியில் சம்பா அறுத்து வயல் காலியானதும் எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்தன. ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங் எகிறியது, இன்ஜின் விளக்கு எரிந்தது, கோடு P0171. அதாவது கலவையில் காற்று அதிகம். திறந்து பார்த்தால் அழகுக்காகப் போட்ட நீல சிலிகான் ஹோஸில் மூன்று அங்குலத்தைக் காணோம். மேனிஃபோல்டின் பெரிய வயிற்றுக்கு மேலேயே உட்கார்ந்து தின்ற தடயம் இருந்தது. வண்டி நின்ற பிறகும் இன்ஜின் சூடு கொஞ்ச நேரம் நிற்பதால் எலிக்கு அது நல்ல இடம். பக்கத்திலேயே இரண்டாவது இன்ஜெக்டர் ஒயரில் பல் பதிந்திருந்தது. தாமிரம் தெரியவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

சிலிகானை எல்லாம் எடுத்துவிட்டு, துணிப் பின்னல் போட்ட ரப்பர் ஹோஸுக்கே திரும்பினேன். ஒயர்களுக்குத் தடித்த உறை போட்டேன். வயலுக்கு வைக்கும் தஞ்சாவூர் கிட்டி இரண்டை வாங்கி முன்சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். மூங்கில் வில்லும் கயிறும்தான், விஷம் இல்லை. முதல் வாரத்திலேயே நாலு எலி. அதன் பிறகு கடி இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் அனுப்பிய பதிலை ஆர்.சி.யோடு வைத்திருக்கிறேன். கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடாததால் புகைச் சோதனை ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தேறுகிறது.

இதே வண்டி வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் வாங்கலாமா என்று கேட்டார். டர்போவை மாற்றும் எண்ணம் இல்லாவிட்டால் வேண்டாம், அந்தப் பணத்தில் பழைய மேனிஃபோல்டைக் கழற்றிக் கழுவி, கேஸ்கெட், எல்லா வேக்குவம் ஹோஸ், செக் வால்வு, இன்ஜெக்டர் ஓ-ரிங் மாற்றி, கசிவுச் சோதனை செய்யுங்கள் என்றேன். என் பிவிசி கேப்பையும் அவருக்குக் கொடுத்தனுப்பினேன். நான் புதியதைக் கழற்றப் போவதில்லை. அடுத்த சித்திரைக்குள் கொஞ்சம் பெரிய டர்போ போட உத்தேசம், அதற்கு இது தேவைப்படும். அசல் மேனிஃபோல்டைக் கழுவி, வாய்களுக்கு டேப் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றிப் பத்தாயத்துக்குள் வைத்திருக்கிறேன். உடனிருந்த போல்ட்டுகள் எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருக்கின்றன.