"லைட்டா தூசிதான் சார்" என்று லென்ஸ் விற்கிறார்களா? உஷார்!

பிலிம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு (லென்ஸ் வழியாக இல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கேனான் பி ரேஞ்ச்ஃபைண்டருக்காக, அதே கம்பெனியின் 50 எம்எம் எஃப் 1.8 ஸ்க்ரூ மவுண்ட் (கேமராவில் திருகி மாட்டும்) லென்ஸ் ஒன்றை இணையத்தில் பழைய லென்ஸ் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். 1950களின் சரக்கு. அவர் அனுப்பிய படங்களில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "லைட்டா தூசிதான் சார், இந்த வயசு லென்ஸ்ல இருக்கத்தானே செய்யும். படத்தை எல்லாம் பாதிக்காது" என்றார்.

லென்ஸ் வந்தது. ஃபோகஸ் வளையம் இறுக்கமில்லாமல் சுற்றியது, ஃபைண்டரில், அதாவது பார்க்கும் ஜன்னலில், ஃபோகஸ் சரியானதும் ஒன்றாக வேண்டிய இரட்டைப் பிம்பம் அழகாக ஒன்றுசேர்ந்தது. ஒரு ரோல் போட்டு பட்டினப்பாக்கம் கடற்கரையில் காலை வெயிலுக்கு எதிரே படகுகளை எடுத்தேன். லேபிலிருந்து ஸ்கேன் வந்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. கன்னங்கரேலென்று வரவேண்டிய படகு நிழல் எல்லாம் சாம்பல். சூரியனைச் சுற்றிப் பால் கொட்டியதுபோல வெளுப்பு.

விற்றவரைக் கேட்டால், "லேப்காரன் சொதப்பியிருப்பான் சார்." படங்களை அனுப்பிக் காட்டியதும் பேச்சு மாறியது: "ரிட்டர்ன் ஏழு நாள்தான் சொன்னேன்." அதற்கப்புறம் பதிலே இல்லை.

ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் கொண்டுபோனேன். பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்த்து அடித்தார். அப்பர்ச்சருக்கு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திறப்பு) பின்னால் இருக்கும் கண்ணாடி முழுக்க ஒரே சாம்பல் படலம். "தம்பி, இது தூசி இல்ல. உள்ள போட்ட ஆயில் கசிஞ்சு படிஞ்சது. வருஷக்கணக்கா விட்டா கண்ணாடியையே அரிச்சிடும்" என்றார். துடைத்தும் பார்த்தார்; பாதிதான் போனது. இந்த மாடலுக்கு இது ஊரறிந்த வியாதி. பழைய லென்ஸ் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியாது என்றால் நான் நம்பத் தயாரில்லை.

எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், இவ்வளவு மங்கல் இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஜன்னல் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலே இருந்தாலும் ஃபைண்டரில் காட்சி தெளிவாகத்தான் தெரியும். ரோலை முடித்து, கூரியரில் அனுப்பி, கழுவி வருவதற்குள் அந்த ஏழு நாள் போயே போச்சு. ஆக, பிலிம் வரும்வரை காத்திருக்காமல் வந்த அன்றே சோதித்துவிட வேண்டும்.

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். தூசி என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும், பூஞ்சை கிளைவிட்ட நூலாகத் தெரியும், ஆயில் படலம் ஒரே சீராக வெளுத்துத் தெரியும். விற்பவரிடமும் இப்படி எடுத்த படத்தையே கேளுங்கள். முன்பக்கப் படம் பத்து அனுப்பினாலும் பிரயோசனமில்லை.

ஃபோகஸுக்கு, பிலிம் போடாமல் பின்கதவைத் திறந்து, ஷட்டரை 'பி'யில் (B, பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து, பட்டனில் திருகும் கேபிள் ரிலீஸால் திறந்தபடி பூட்டிவிட்டு, பிலிம் ஓடும் தண்டவாளத்தின்மேல் மங்கலான செலோடேப்பை இழுத்து ஒட்டுங்கள். ஃபைண்டரில் பிம்பம் சேரும் இடமும் டேப்பில் கூர்மையாக விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும்; உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கேனான் பி வைத்திருப்பவர்கள் கவனம்: அதன் ஷட்டர் திரை மெல்லிய உலோகத் தகடு, விரல் பட்டாலே நசுங்கிவிடும்.

அந்த ஆள் இப்போது வேறொரு லென்ஸை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். டார்ச் அடித்த படம் கேட்டு, வேறு நம்பரிலிருந்து மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டார், பதில் வரவில்லை.