‘9’: பதினோரு நிமிடமா, முழுநீளமா?

அனிமேஷன் இயக்குநர் ஷேன் ஆக்கர் ‘9’ என்ற ஒரே கதையை இரண்டு முறை படமாக எடுத்தார். 2005-இல் மாணவராக எடுத்த குறும்படம் 11 நிமிடம். 2009-இல் வந்த முழுநீளப் படம் 79 நிமிடம். இரண்டிலும் மனிதர்கள் இல்லாத இடிபாடுகளுக்கு நடுவே துணிப் பொம்மைகள் உயிரோடு திரிகின்றன.

குறும்படத்தில் வசனமே கிடையாது. பூனை மண்டையோடு கொண்ட இயந்திர மிருகம் துரத்துகிறது, பொம்மை யோசித்துப் பொறி வைக்கிறது, அவ்வளவுதான். உலகம் ஏன் அழிந்தது என்று படம் சொல்லவில்லை, நமக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெரிய படம் அதைச் சொல்லப் போய்த்தான் சிக்கிக்கொள்கிறது. விஞ்ஞானி தன் ஆன்மாவை ஒன்பது பொம்மைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாராம். சரி. ஆனால் ஆன்மாவை உறிஞ்சுகிற அதே தாயத்து எப்படி அதை விடுவிக்கவும் செய்கிறது? கடைசியில் பெய்யும் மழைக்கு என்ன அர்த்தம்? இரண்டாம் முறை பார்த்தும் எனக்குத் தெளியவில்லை. இதில் பொம்மைகள் பேசப் பேசக் குழப்பம்தான் கூடுகிறது.

ஆனாலும் உடைந்த பொம்மைத் தலையோடு நெளிந்து வரும் அந்தப் பாம்பு இயந்திரம் இருக்கிறதே, அது பெரிய படத்தில்தான் உண்டு. அதனால் குறும்படத்தை முதலில் பாருங்கள். அப்புறம் முழுப் படத்தை, முடிந்தால் ஒலியைக் குறைத்து வைத்து.