வன்னியில் வறுமைக் குறைப்புத் திட்டங்களை வழிநடத்த: கச்சேரியா, நிறுவனமா, கூட்டுறவுச் சங்கமா?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களில் பட்டம் முடித்து, சமூக அபிவிருத்தித் துறையில் தலைமைப் பொறுப்பை நாடும் இளையோர் முன் மூன்று பாதைகள் உள்ளன: கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தை நோக்கிய அரச சேவை, அரச சார்பற்ற நிறுவனம், கூட்டுறவுச் சங்கம். இவற்றைச் சம்பளத்தை வைத்து ஒப்பிடுவதே வழக்கம். வாழ்வாதார உதவியாகக் கொடுத்த ஆடு இரண்டாம் வருடம் செத்துப்போனால் அந்த வீட்டுக்கு யார் போவார் என்று கேட்டுப் பார்ப்பது இன்னும் பொருத்தமானது.

இலங்கைத் திட்டமிடல் சேவைப் போட்டிப் பரீட்சையில் தேறியவர், பிரதேச செயலகத்தில் உதவித் திட்டமிடல் பணிப்பாளராகத் தொடங்கி, காலப்போக்கில் மாவட்டச் செயலகத்தின் திட்டமிடலுக்கே பொறுப்பாக வரலாம். ஓய்வூதியம் உண்டு, இடமாற்றம் வந்தாலும் பதவியும் கோப்பும் அங்கேயே இருக்கும். ஆனால் திட்டத்தின் வடிவம் பெரும்பாலும் கொழும்பிலிருந்தே வரும். 1995 இல் தொடங்கிய சமுர்த்தி வறுமை ஒழிப்புத் திட்டத்தில் பயனாளி தெரிவுக்குக் கள உத்தியோகத்தரின் கிராம அறிவு, நன்மையாகவோ தீமையாகவோ, பயன்பட்டது. 2023 இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் வந்தபின் குடும்பத் தரவுகளுக்கு இடப்படும் புள்ளிகளே தெரிவைத் தீர்மானிக்க, பிரதேச செயலகத்துக்கு மேன்முறையீடுகளையும் ஆட்சேபனைகளையும் கேட்கும் வேலையே அதிகம் எஞ்சியது. சேர்ந்தபின் சிங்களத் தேர்ச்சியும் பெறவேண்டும். அதைச் சுமையாக எண்ணுபவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

அரச சார்பற்ற நிறுவனத்தில் கற்பது வேகமாக நடக்கும். முன்மொழிவு எழுதுதல், வரவுசெலவுத் திட்டம், கண்காணிப்பு, மதிப்பீடு ஆகியவற்றைச் சில வருடங்களிலேயே கையாளலாம். கள உத்தியோகத்தராகச் சேர்ந்தவர் முப்பது வயதுக்குள் திட்ட முகாமையாளராவதும் உண்டு. ஆயினும் நிதி முடியும் திகதியே வேலை முடியும் திகதி. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவால் ஐ.நா. அமைப்புகளும் பெரும்பாலான சர்வதேச நிறுவனங்களும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதியை விட்டு வெளியேறின. 2009 க்குப் பின் பெருகிய நிதி, மீள்குடியேற்றமும் வீட்டுத்திட்டங்களும் முடிய வற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியதையும் இந்த வரிசையில் சேர்க்கவேண்டும். ஆடு செத்த வீட்டுக்குப் போக, அநேகமாக அந்த அலுவலகமே இருக்காது. இறுதி அறிக்கையில் மட்டும் ஆடு உயிரோடு இருக்கும்.

கூட்டுறவை எவரும் தொழில்வாழ்க்கையாகவே கருதுவதில்லை. சம்பளம் குறைவு, நிர்வாகக் குழுவுக்குள் ஊர்ப்பிணக்கும் சாதிக்கணக்கும் நுழையும், வாகனம் என்றால் சொந்த மோட்டார் சைக்கிள்தான். இருந்தும், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கமோ, பனை தென்னை வள சங்கமோ, கடற்றொழிலாளர் சங்கமோ, கடன் வாங்கியவரே அங்கத்தவராகவும் இருப்பதால், கடன் தவறினால் காரணத்தை விசாரித்தே ஆகவேண்டும். தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வாராவாரம் தவணை கேட்டு வாசலில் நின்ற காலத்தில் இந்தச் சங்கங்கள் பல இடங்களில் வலுவிழந்திருந்தன. அந்த வெற்றிடத்தின் விலையாக, 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ய முன்வரவேண்டியிருந்தது. வன்னியில் திட்டத்தை வடிவமைக்கவும் அதன் விளைவோடு வாழவும் ஒருசேர இடமுள்ளது இங்கே மட்டும்தான் என்பது என் மதிப்பீடு.

ஆனால் பட்டம் பெற்ற கையோடு அங்கே போகவேண்டாம். கணக்காய்வு, வணிகத் திட்டம், நிதி திரட்டல் ஆகியவற்றை நிறுவனமொன்றில் கற்று, கையில் கொஞ்சச் சேமிப்போடு சங்கத்துக்குப் போகிறவரால்தான் சம்பளக் குறைவையும் குழுக்கூட்ட இழுபறிகளையும் தாங்கமுடியும். வீட்டில் தம்பி தங்கையரின் படிப்புச் செலவைச் சுமப்பவர் திட்டமிடல் சேவைப் பரீட்சைக்கே விண்ணப்பிக்கட்டும்.