புதிதாக யோசிக்க நேரம் ஒதுக்குவது தினமும் கொஞ்சமா, மொத்தமாக ஒரு வாரமா?

மைக்ரோசாஃப்ட்டை நடத்திய காலத்தில் பில் கேட்ஸ் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் தனியாகக் குடிலில் தங்கி ஊழியர்கள் எழுதிய கட்டுரைகளைப் படிப்பார். நிறுவனத்தின் திசையைத் தீர்மானிக்க நல்ல வழிதான். ஆனால் முதலாளிக்குத்தான் கட்டுப்படியாகும்.

பசை, ஒட்டுநாடா போன்றவற்றைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான த்ரீ-எம் 1948 முதல் வேலை நேரத்தில் 15 சதவீதத்தை ஊழியர்களின் சொந்த யோசனைகளுக்கு விட்டது. அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த லேசான பசை சும்மா கிடந்தது. அப்புறம், தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டுகள் நழுவி விழுந்தபோது அதே நிறுவன ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது. ஒட்டி எடுக்கக்கூடிய குறிப்புத்தாளான போஸ்ட்-இட் பிறந்தது அப்படித்தான்.

என் ஓட்டு தினமும் கொஞ்சம் என்ற இந்த வழிக்கே. பசைக்கும் பாட்டுப் புத்தகத்துக்கும் நடுவே சில ஆண்டுகள் ஓடியிருந்தன. ஒரு வாரத் தனிமையில் இவ்விரண்டும் சந்தித்திருக்காது.